முன்னெழுத்துக்குள் ஒளிந்த வீட்டுப்பெயர்: தேடித் தரும் சேவைகளில் மதுரைக்காரருக்கு எது தேறும்?

டி.எம். சௌந்தரராஜன் பெயரில் இருக்கும் ‘டி’ ஊர்ப்பெயரும் இல்லை, அப்பா பெயரும் இல்லை. அது தொகுளுவா என்கிற வீட்டுப்பெயர். அடுத்து வரும் ‘எம்’தான் அப்பா, மீனாட்சி ஐயங்கார். மதுரை காந்தி என்று பெயரெடுத்த என்.எம்.ஆர். சுப்பராமனின் முன்னெழுத்துகள் நாட்டாண்மை மல்லி ராயலு என்று விரியும். மதுரையில் சௌராஷ்டிரர் வீடுகளுக்கும், தெலுங்கு பேசும் பல வீடுகளுக்கும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிற குடும்பப் பெயர் உண்டு. ஆனால் அது பெயருக்கு முன்னால், ஒற்றை எழுத்தாகச் சுருண்டு கிடக்கும். உலகத்துச் சர்நேம் தளங்கள் எல்லாம் பெயரின் வாலைப் பிடித்துத் தேடுகின்றன. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் தலையில் இருக்கிறது. கீழே சொல்லும் சேவைகள் ஒவ்வொன்றும் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தால் தீர்மானமாகிறது.

அரிய வீட்டுப்பெயர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது எங்கிருந்து வந்தது, இன்னும் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று தேடுகிறவருக்காக இந்த மதிப்பீடு. சௌராஷ்டிரப் பெயர்களை வைத்தே பேசுகிறோம். தெலுங்கு வீட்டுப்பெயர்களுக்கும் இதே வழிதான்.

முதலில் ஃபோர்பேர்ஸ். சர்நேம் பரவல் என்று தேடினால் பலரும் போய் நிற்கும் தளம். இலவசம். ஆங்கில எழுத்தில் பெயரைத் தட்டினால் உலகத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர், எந்த நாட்டில் அதிகம், எத்தனை பேருக்கு ஒருவர் என்று ஒரு வரைபடமும் அட்டவணையும் தரும். பார்க்க அழகாக இருக்கும். எண்கள் தோராயக் கணிப்பு என்பதை மறந்துவிட்டால் அழகே ஆபத்து. முருகன் என்று தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டில் யாருக்கும் குடும்பப் பெயராக இல்லாத ஒன்று பெரிய சர்நேமாக வந்து நிற்கும். அது யாரோ ஒருவரின் பெயர், அல்லது அவருடைய அப்பா பெயர். பெயரின் கடைசிச் சொல்லைச் சர்நேம் என்று எடுத்துக்கொள்ளும் எந்தத் தளத்திலும் இதே கோளாறு வரும்.

அரிய பெயருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு தளத்தின் அடிப்படைத் தரவில் பத்தில் ஒருவர்தான் இருக்கிறார் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுப்பெயருக்கு ஊரில் 30 பேர் இருந்தால் சராசரியாக 3 பேர் தரவில் விழுவார்கள். ஆனால் அது பூஜ்யமாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். தளம் அதைப் பத்தால் பெருக்கிக் காட்டினால் ‘இல்லை’ என்றும் வரும், ‘60 பேர்’ என்றும் வரும். லட்சக்கணக்கில் இருக்கும் பெயருக்கு இந்த ஆட்டம் தெரியாது. முப்பது பேர் உள்ள பெயருக்கு இதுதான் முழுக்கதை.

இதைவிட வேடிக்கை, வரைபடம் திசையையே மாற்றிக் காட்டுவது. மதுரையில் முன்னெழுத்தாகச் சுருங்கிய வீட்டுப்பெயர், பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் முதன்முறையாக முழுசாக விரிகிறது. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். சிலர் அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போடுகிறார்கள், சிலர் வீட்டுப்பெயரைப் போடுகிறார்கள். சர்நேம் கட்டத்தையே காலியாக விட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு அமெரிக்க விசாவில் ‘எஃப்.என்.யூ’ (முதற்பெயர் தெரியாது) என்று ஒரு ஒட்டு வந்து சேரும். ஆகவே வீட்டுப்பெயரைச் சர்நேமாகப் போட்டுக்கொண்டு வெளிநாடு போன ஒரு குடும்பம் அங்கே வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். மஹால் பகுதியில் அதே பெயரோடு இருக்கும் அவர்கள் பங்காளிகள் தெரியவே மாட்டார்கள். பெயர் அங்கேதான் பிறந்தது என்று படம் பொய் சொல்லும். ஆந்திரப் பக்கம் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. என்.டி. ராமராவின் ‘என்’ நந்தமூரி என்று எல்லோருக்கும் தெரியும், அடுத்த தலைமுறையும் அதை விரித்தே எழுதுகிறது.

எழுத்துக்கூட்டல் இன்னொரு வினை. தமிழில் ‘த’ ஒன்றுதான், ‘க’ ஒன்றுதான். ஆங்கிலத்துக்குப் போனால் தொகுளுவாவின் முதல் எழுத்து இரண்டு விதம், நடுவில் உள்ள ‘கு’ இரண்டு விதம், கடைசி ‘வா’ மூன்று விதம் ஆகலாம். இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் மூன்று, பன்னிரண்டு வடிவம். தளம் ஒவ்வொன்றையும் தனிப் பெயராக எண்ணும். எனவே தேடுவதற்கு முன் ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், கிடைத்ததைக் கூட்டிக்கொள்ளுங்கள். சௌராஷ்டிர எழுத்துக்கு 2008இல் யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது, எழுத்துருவும் இருக்கிறது. அந்த எழுத்தில் தட்டிப் பெயர் தேடலாமா என்று கேட்காதீர்கள். தரவே ஆங்கில எழுத்தில் இருக்கும்போது தேடி என்ன கிடைக்கும்?

ஃபோர்பேர்ஸுக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. வெளிநாட்டுக்குப் போன கிளையைக் கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஃபேமிலிசர்ச் வேறு ரகம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் மார்மன் திருச்சபை நடத்துவது. 1894இல் வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கியது. கணக்கு தொடங்க, தேட, குடும்ப மரம் போட எதற்கும் காசில்லை. தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி போட்டால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும், கேள்விக்குறி போட்டால் ஒரே ஒரு எழுத்து என்று பொருள். மேலே சொன்ன பன்னிரண்டு வடிவத்தையும் இதில் ஒரே தேடலில் முடிக்கலாம். உயிரெழுத்து வரும் இடங்களில் நட்சத்திரம், மாறாத மெய்யெழுத்தை மட்டும் நிறுத்துங்கள். சர்நேம் பெட்டியில் ஒருமுறை, முதற்பெயர் பெட்டியில் ஒருமுறை, இரண்டிலும் தேட வேண்டும். பெயரை ஏற்றியவர் எதை எங்கே போட்டார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அங்குள்ள இந்துத் தீர்த்த யாத்திரைப் பதிவுகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஹரித்துவார் போன்ற வடநாட்டுத் தலங்களில் பண்டாக்கள் என்னும் புரோகிதர்கள் எழுதிவைத்த பேரேடுகளின் படங்கள்தான் பெரும்பங்கு. பஞ்சாபியருக்குப் புதையல், மதுரைக்காரருக்கு அநேகமாக வெறும் தாள். மரம் போடும் வசதி நல்லது, ஆனால் உலகத்துக்கே ஒரே மரம் என்பதால் நீங்கள் ஏற்றிய இறந்தவர் விவரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உயிரோடு இருப்பவர்களின் விவரம் ஏற்றியவருக்கு மட்டும் தெரியும். ஐந்துக்கு இரண்டரை. நட்சத்திரக் குறிக்காகவே அதில் அரை மதிப்பெண்.

இனி நம் ஊர். வாக்காளர் பட்டியல்தான் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. வீடு வீடாகப் பெயர் இருக்கிறதே, அதைவிடப் பெரிய பரவல் வரைபடம் எது என்று நினைப்பார்கள். பட்டியலில் ஒரு பக்கத்துக்கு 30 கட்டம். 1,200 பேர் உள்ள பாகம் என்றால் 40 பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அட்டை எண். வீட்டுப்பெயருக்கு இடமே இல்லை. தமிழ்ப் பட்டியலில் முன்னெழுத்தும் பெரும்பாலும் இருக்காது, அப்பா பெயர் தனி வரியில் வருவதால் அதுவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, பி.டி.எஃப். கோப்பில் எழுத்து படமாக இருப்பதால் உள்ளே தேட முடியாது. ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால்தான் மேய வேண்டும்.

பட்டியல் ஒன்றுக்குத்தான் உதவும். பத்திரத்திலோ கல்யாணப் பத்திரிகையிலோ ‘இன்னார் மகன் இன்னார்’ என்று ஒரு ஜோடி கிடைத்த பிறகு, அந்த ஜோடி இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு. பழைய 2002 பட்டியலில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2008 தொகுதி மறுவரையறைக்கு முந்தைய எல்லைகள் அதில் இருக்கும். மதுரை தெற்கு, மதுரை வடக்கு என்று தேடினால் கிடைக்காது. சமயநல்லூர், சேடபட்டி என்று இன்று இல்லாத தொகுதிகள் அங்கே இருக்கும். தெருவை வைத்துத் தேடுங்கள், தொகுதியை வைத்துத் தேடாதீர்கள். ஐந்துக்கு ஒன்று.

மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவும் ஏறக்குறைய இதே கதிதான். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பதிவைத் தேடச் சொல்லி நகல் வாங்கலாம். ஆனால் பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயரே இருக்காது, அப்பா பெயர்தான் இருக்கும். தேதி உறுதி செய்ய மட்டும்.

அடுத்தது பதிவுத்துறை. சொத்து வாங்க விற்க மட்டுமே அங்கே போகிறோம், வம்சம் தேட யாரும் போவதில்லை. மதுரையில் வீட்டுப்பெயர் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது எங்கள் தீர்மானம்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், பத்திரத்தில் வரும் ஆளை அடையாளம் காட்ட வசிக்கும் ஊர், தொழில், பட்டம், இந்தியர் என்றால் தந்தை பெயர் என்று வரையறுக்கிறது. ஒரே தெருவில் நாலு சுப்பராமன் இருக்கும் ஊரில் எழுதுகிறவர் வீட்டுப்பெயரையும் விரித்து எழுதினால்தான் பின்னால் வழக்கு வராது. அதனால் பழைய மதுரைப் பத்திரங்களில் முழுப்பெயர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெயர் வருவது எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் என்ற இரண்டு இடத்தோடு முடியாது. சொத்து விவரத்தில் நான்கு எல்லை இருக்கிறது: இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு வடக்கு என்று. அண்டை வீட்டுக்காரர் பெயரும் அங்கே நிற்கும். அதற்குக் கீழே சாட்சிகள் இருவர். பிறகு, பதிவாளர் முன் ஆளை அடையாளம் காட்டியவர்கள். ஒரே பத்திரத்தில் எட்டுப் பத்துப் பெயர் தேறும். நெசவாளர் தெருவில் அத்தனையும் ஒரே சமூகத்துப் பெயர்களாக இருக்கும். ஒரு தெருவில் பத்துப் பத்திரம் எடுத்தால் அந்தக் காலத்து வீட்டுப்பெயர் வரைபடமே கையில் வந்துவிடும்.

எப்படித் தேடுவது? பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, தேதி வரம்பு கொடுக்க வேண்டும். மதுரை நகருக்குள் என்றால் சர்வே எண் பத்தாது. வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) வேண்டும். சொத்து வரி ரசீதில் இருக்கும் கதவு எண்ணைக் கொடுத்துவிட்டு ‘பதிவு இல்லை’ என்று வந்ததும் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். டி.எஸ். எண்ணைப் பட்டாவிலோ பிற்காலப் பத்திரம் ஒன்றிலோ பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பல அலுவலகங்களுக்கு 1975 முதல் இணையத்தில் கிடைக்கும்.

வில்லங்கத்தோடு நின்றுவிடக் கூடாது, அது வெறும் சுட்டிதான். கணினியில் ஏற்றும்போது நீளமான பெயர் மறுபடி முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கும், ள-வுக்கு ல விழுந்திருக்கும். அதில் பார்க்க வேண்டியது ஆவண எண், ஆண்டு, ஆவணத்தின் தன்மை ஆகிய மூன்றும்தான். அதைக் குறித்துக்கொண்டு சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். எல்லா நகலையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம்: அண்ணன் தம்பி எல்லோரும், அப்பா, சில சமயம் தாத்தாவும் ஒரே தாளில் இருப்பார்கள். அடுத்து உயில். அதற்கடுத்து தானசெட்டில்மென்ட். கிரயம் நாலாவது. ஒத்தியும் அடமானமும் கடைசி, ஆனால் அவற்றிலும் நான்கு எல்லை உண்டு.

1975க்கு முன்னால் போக வேண்டுமானால் நேரில்தான். சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி அலுவலகத்தில் நான்கு வகை அட்டவணை இருக்க வேண்டும். முதல் அட்டவணை பெயர் வாரியானது, இரண்டாவது சொத்து வாரியானது, மூன்றாவது உயில்களுக்கானது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. சொத்தோடு சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயில் மட்டும், எழுதியவர் இறந்த பிறகே மற்றவருக்கு நகல் கிடைக்கும். விண்ணப்பத்தில் ‘பெயர் அட்டவணையில் தேட வேண்டும்’ என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தில் சொத்து அட்டவணையைப் புரட்டிவிட்டு இல்லை என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. பெயரை எந்த எழுத்தின் கீழ் ஏற்றியிருப்பார்கள் என்பதும் முன்கூட்டித் தெரியாது. தொகுளுவா என்றால் ‘த’விலும், ஆளின் சொந்தப் பெயர் எழுத்திலும் தேடச் சொல்லுங்கள். பழைய தொகுதிகள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். போவதற்கு முன் கேட்டுக்கொள்வது ஒரு நடையை மிச்சப்படுத்தும்.

நகல் கைக்கு வந்ததும் படிப்பது தனி வித்தை. பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே கிடக்கும். அதனால் வீட்டுப்பெயரை ஒரே பத்திரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெவ்வேறு கை எழுதிய மூன்று பத்திரத்திலாவது ஒத்துப்போக வேண்டும். ஆண்டு பசலியில் (பழைய வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1310 என்றால் 1900–01. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். விகாரி என்றால் 1899–1900, 1959–60, 2019–20 மூன்றில் எது என்று முத்திரைத்தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பதிவுத்துறைக்கு ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று, சொத்தே இல்லாத வீட்டைப் பற்றி அது வாயே திறக்காது என்பதற்காக. கூலிக்குத் தறி ஓட்டி வாடகை வீட்டில் இருந்த குடும்பம் சாட்சிக் கையெழுத்தில் மட்டும்தான் எட்டிப்பார்க்கும்.

அந்த ஓட்டையை அடைப்பது கல்யாணம். சௌராஷ்டிர சமூகத்தில் வரன் பார்க்கும் தகவல் மையங்கள் நடத்தும் பதிவேடுகளில் வீட்டுப்பெயருக்கும் கோத்திரத்துக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். ஒரே கோத்திரத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதால் இரண்டையும் சரியாகச் சொல்லியே ஆக வேண்டும். வேறு எந்த ஆவணத்திலும் இந்தக் கண்டிப்பு கிடையாது. மதுரை, பரமக்குடி, எமனேசுவரம், திண்டுக்கல், சேலம், கும்பகோணம், தஞ்சாவூர், அய்யம்பேட்டை, ஆரணி, வாலாஜாபேட்டை, வீரவநல்லூர் என்று சமூகம் பரவிய ஊர்கள் பலவும் பதிவேட்டில் வருவதால், இன்றைய பரவலுக்கு இதைவிட நம்பகமான ஆதாரம் இல்லை. மையத்தில் கேட்கும்போது ஜாதகமோ போன் எண்ணோ கேட்காதீர்கள், கொடுக்கவும் கூடாது. ‘இந்த வீட்டுப்பெயரில் எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பம் பதிந்திருக்கிறது’ என்று மட்டும் கேளுங்கள். எண்ணும்போது ஆளை எண்ணாமல் குடும்பத்தை எண்ண வேண்டும். ஒரே பையனுக்கு மூன்று முறை புதுப்பித்திருப்பார்கள், அக்கா தங்கை இருவருக்கும் தனித்தனிச் சீட்டு இருக்கும். கல்யாண வயதில் பிள்ளை இல்லாத வீடு கணக்கில் வராது என்பதையும் மனத்தில் வைக்கவும். பத்து வருஷத்துப் பதிவேட்டைச் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குறை ஓரளவு சரியாகும். தரம் மையத்துக்கு மையம் வேறுபடும் என்பதால் மொத்தமாக மதிப்பெண் போடவில்லை.

புரோகிதர்களையும் விட்டுவிடக் கூடாது. பல தலைமுறைக்குச் சடங்கு செய்துவைத்த குடும்பம் என்றால் எந்த வீட்டுப்பெயர் எந்தக் கோத்திரம் என்பது வாய்ப்பாடாக இருக்கும். தட்சிணை வைத்துக் கேளுங்கள், சும்மா போய் நிற்காதீர்கள்.

பரவல் இப்படிக் கிடைத்துவிடும். பிறப்பிடம் தேடுவதுதான் வழுக்கும் இடம். குஜராத்தின் சோரட்டிலிருந்து தேவகிரி, அங்கிருந்து விஜயநகரம், பிறகு நாயக்கர் காலத்து மதுரை என்ற பயணத்தைக் கல்யாணத்தில் இரு வீட்டாரும் கேள்வி பதிலாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. சமூகத்தின் பயணத்துக்கு அது சாட்சி, உங்கள் வீட்டுப்பெயருக்கு அல்ல. 1705ஐ ஒட்டி மங்கம்மாள் காலத்தில் உபாகர்மம் (பூணூல் மாற்றும் சடங்கு) செய்ததற்காக 18 பேர் கைதான செய்தியும், அதன்பின் கிடைத்த சாசனமும், மந்தசோரில் ஐந்தாம் நூற்றாண்டுப் பட்டு நெசவாளர் கல்வெட்டும் அடிக்கடி காட்டப்படும். அவற்றில் ஒன்றை உங்கள் வீட்டுப்பெயரோடு முடிச்சுப் போட்டு யாராவது கதை சொன்னால், எந்த வரியில் அந்தப் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். தென்னிந்தியச் சாதிகள் பற்றித் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட ஏழு தொகுதிகளில் ஆறாவதில் பட்டுநூல்காரர், அதாவது சௌராஷ்டிரர் பற்றிய பகுதி இருக்கிறது, இணையத்தில் இலவசம். சமூக வழக்கங்களுக்கு அது போதும். வீட்டுக்கு வீடு வம்சாவளி அதில் எதிர்பார்க்கக் கூடாது.

வீட்டுப்பெயரின் வகையை முதலில் பிரித்துக்கொள்வது பாதி வேலை. பதவிப் பெயரா, ஊர்ப்பெயரா, தொழிலா, முன்னோர் ஒருவரின் பட்டப்பெயரா? நாட்டாண்மை போன்ற பதவிப் பெயர் மதுரையிலும் சேலத்திலும் தனித்தனியாக முளைத்திருக்கலாம். இரண்டு ஊரிலும் இருக்கிறதே, அப்படியானால் பங்காளிகள் என்று சொல்லிவிட முடியாது. வேறெங்கும் பொருள் சொல்ல முடியாத விசித்திரமான பெயர் இரண்டு ஊரில் இருந்தால் ஒரே மூலமாக இருக்க நல்ல வாய்ப்பு. வீட்டுப்பெயர், கோத்திரம், முந்தைய ஊர் மூன்றும் பொருந்தினால் மட்டும் ஒரே கிளை என்று எழுதுங்கள். இரண்டு பொருந்தினால் பென்சிலால் எழுதுங்கள். ஐயங்கார், ஐயர், ராவ், சர்மா, பாகவதர் ஆகியவற்றைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம், அவை ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்றும் தம்பிக்கு ஒன்றுமாகக்கூட இருக்கும்.

காசு கொடுத்து வாங்கும் சேவைகள் இரண்டைப் பற்றி. ‘உங்கள் சர்நேமின் வரலாறு’ என்று குடும்பச் சின்னத்தோடு சட்டம் போட்டு விற்பார்கள். சர்நேமுக்குச் சின்னம் என்று ஒன்றே கிடையாது, சின்னம் தனி ஆளுக்கு வழங்கப்படுவது என்று லண்டனில் இருக்கும் சின்னங்களுக்கான கல்லூரியே சொல்கிறது. தெற்கு மாசி வீதிக்காரருக்குச் சிங்கமும் கேடயமும் எதற்கு? பூஜ்யம்.

டி.என்.ஏ. சோதனை அப்படி ஏமாற்று இல்லை. ஒய் குரோமோசோம் அப்பா வழியில் மட்டும் இறங்குகிறது, வீட்டுப்பெயரும் அப்படித்தான். இரண்டு ஊரில் ஒரே வீட்டுப்பெயர் உள்ள இரண்டு ஆண்களைச் சோதித்து ஒப்பிட்டால், பத்திரத்தால் தீராத கேள்வி தீரலாம். ஃபேமிலிட்ரீடிஎன்ஏ நிறுவனம் இந்த ஒய் குரோமோசோமில் ஒப்பிடும் இடங்களைக் குறிகள் என்கிறது; 37 குறிகள், 111 குறிகள், பெரிய அளவில் பிக் ஒய்-700 என்று படிப்படியாக விற்கிறது. 37 குறிகள் விலக்குவதற்குப் போதும்: எண்கள் வெகுவாக விலகினால் ஒரே முன்னோர் இல்லை. ஒத்துப்போனால் மேலே போக வேண்டும். தத்துப்பிள்ளை எடுத்த வீட்டில் பெயர் ஒன்றாகவும் குரோமோசோம் வேறாகவும் இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கன்னத்தின் உட்புறம் தடவும் குச்சியை நீட்டுங்கள். தனியாக ஒருவர் மட்டும் சோதித்துக்கொண்டு பொருத்தம் வரும் என்று காத்திருப்பது வீண், நம் பக்கத்திலிருந்து சோதித்தவர்கள் குறைவு. ஜோடியாகச் செய்தால் மூன்றரை, தனியாகச் செய்தால் ஒன்று.

சேர்த்ததை எதில் எழுதி வைப்பது? கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளை விட நம் பெயருக்குப் பொருத்தமானது வேறில்லை. ஒரு ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சர்நேம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அது பரம்பரையாக வந்ததா, தந்தை பெயரா, ஊர்ப்பெயரா, தொழிலா என்று குறிக்க அதில் இடம் இருக்கிறது. தொகுளுவா பரம்பரை, மீனாட்சி ஐயங்கார் தந்தை பெயர், சௌந்தரராஜன் சொந்தப் பெயர் என்று மூன்றையும் கலக்காமல் போடலாம். பெயர் காட்டும் வரிசையையும் மாற்றி வீட்டுப்பெயரை முன்னால் நிறுத்தலாம். தமிழ் எழுத்து பிரச்சினை இல்லாமல் ஏறும். பத்திரத்தில் கண்ட ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் மாற்றுப் பெயராகச் சேருங்கள், ஒன்றைத் திருத்தி இன்னொன்றாக்காதீர்கள். வேறு மென்பொருளுக்கு மாற்ற கெட்காம் (வம்சாவளி விவரத்துக்கான பொதுக் கோப்பு வடிவம்) கோப்பாக எடுக்கும்போது சர்நேம் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே வரும். அந்தச் சாய்கோடு பெயரின் முன்பக்கம் இருந்தாலும் விதிப்படி சரிதான். கோப்பு எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருள்கள் சில வேறு முறையில் சேமித்துத் தமிழை முழுக்கக் கேள்விக்குறியாக்கிவிடும். 2021இல் வந்த கெட்காம் 7.0 பதிப்பில் யூ.டி.எஃப்.-8 கட்டாயம் என்பதால், அந்தப் பதிப்பைப் படிக்கும் மென்பொருளுக்கு மாற்றுவதானால் இந்தத் தொல்லை வராது.